கடைமடைக்கு எந்த நெல்: மூழ்கினாலும் பிழைப்பதா, சீக்கிரம் அறுப்பதா?

எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வரும். மழைத் தண்ணீர் முதல் ஆளாக வந்து நிற்கும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் குடும்பத்துக்கு 6 ஏக்கர், அதாவது 18 மா. அதில் 6 மா வடிகாலை ஒட்டிய பள்ளம், மீதி கொஞ்சம் மேடு. ஆடி முடிந்தால் வீட்டில் ஒரே பேச்சுதான்: சம்பாவுக்கு என்ன விதை போடுவது?

முன்பெல்லாம் இது பெரிய விஷயமே இல்லை. போன வருஷம் எது நன்றாகக் கண்டதோ அதுவே இந்த வருஷமும். இப்போது விதைக் கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ‘பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் ரகம்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைத் தாங்கும், எத்தனை நாள் தாங்கும், பயிர் எந்த வயதில் இருக்கும்போது தாங்கும் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. ரகத்தின் பெயரைவிட அந்தக் கேள்விகள்தான் முக்கியம் என்பது இரண்டு மூன்று அடி வாங்கிய பிறகு எனக்குப் புரிந்தது.

எங்கள் முன்னால் இருப்பவை நாலு. சி.ஆர்.1009 சப்-1 என்கிற, மூழ்கினாலும் பிழைக்கும் மோட்டா ரகம். டி.கே.எம்.13 போன்ற 130 நாள் சன்ன ரகம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரியான நாட்டு நெல். நாலாவது, இன்னும் கைக்கு வராத மரபணுத் திருத்த ரகம் வரட்டும் என்று காத்திருப்பது.

முதலில் சப்-1. எங்கள் பக்கம் இதை ‘சி.ஆர். சப் ஒன்’ என்றுதான் சொல்வார்கள். சி.ஆர்.1009 கட்டாக்கில் உருவாகி டெல்டாவில் நிலைத்துவிட்ட பழைய ரகம். குண்டு அரிசி, புழுங்கலுக்கும் இட்லிக்கும் ஏற்றது, வயது 155 நாள். அதற்குள் சப்-1 என்ற மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்த மரபணு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒடிசா விவசாயிகள் காலங்காலமாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் எஃப்.ஆர்.13ஏ. விளைச்சல் சுமார்தான், ஆனால் இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் சாகாது. அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை 1996-இல் கண்டார்கள். எந்த மரபணு என்பது 2006-இல் தெளிவானது. கிழக்கு இந்தியாவில் பரவலான சுவர்ணா ரகத்தில் ஏற்றி 2009-இல் ‘சுவர்ணா சப்-1’ என்று வெளியிட்டார்கள். பழைய முறையில் ஒட்டுச் சேர்த்தபோது நாட்டு நெல்லின் வேண்டாத குணங்களும் கூடவே வந்து தொலைத்தன. மரபணுவின் அடையாளக் குறியை வைத்து நாற்றுப் பருவத்திலேயே வேண்டிய செடியைப் பொறுக்கி, திரும்பத் திரும்பத் தாய் ரகத்தோடு சேர்த்ததால் மற்ற எல்லாம் சுவர்ணாவாகவே இருக்க, இந்த ஒரு குணம் மட்டும் உள்ளே வந்தது. இதில் வெளியினத்து மரபணு எதுவும் கிடையாது, நெல்லிலிருந்து நெல்லுக்குத்தான்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நெல் மூழ்கினால் பதறும். இலையை நீட்டி, எக்கி எக்கித் தண்ணீருக்கு மேலே வரப் பார்க்கும். கையிருப்பில் உள்ள மாவுச்சத்து முழுவதையும் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்த அன்று பார்த்தால் வெளுத்து நீண்ட தாள்கள் சேற்றில் படுத்துக் கிடக்கும். நாலு நாளில் அழுகல் வாடை. சப்-1 உள்ள பயிர் எக்காது. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். வடிந்த பிறகு அதுவும் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும், மேல் இலை எல்லாம் போயிருக்கும். ஆனால் தூரைப் பிடுங்கிக் கிள்ளிப் பார்த்தால் அடிக்குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஒரு வாரத்தில் புது இலை எட்டிப் பார்க்கும். பதறிப்போய் வடிந்த மறுநாளே யூரியாவைக் கொட்டக்கூடாது, அந்தப் புது இலை வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஒடிசாவில் சுவர்ணா சப்-1 வயல்களை ஆராய்ந்து 2013-இல் வந்த கணக்குப்படி, 10 நாள் மூழ்கினால் பழைய சுவர்ணாவைவிட 45 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல். வெள்ளம் வராத வருஷத்தில் நஷ்டமும் இல்லை. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வெள்ளம் தேங்கும் பள்ளக்காடுகளில் அதிகம் பயிர் செய்வது ஒடுக்கப்பட்ட சாதியினர்தான். நம் ஊரிலும் பள்ளம் யார் பங்குக்கு வந்தது என்று ஒரு நடை நடந்து பார்த்தால் தெரியும். அதற்குப் பிறகு நடந்த ஆய்வில், பயிர் பிழைக்கும் என்ற தைரியம் வந்ததும் விவசாயிகள் உரத்துக்கும் நடவுக்கும் கூடுதலாகச் செலவு செய்யத் துணிந்தார்கள் என்றும் தெரிந்தது. விதை கொடுத்த தைரியம் அது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் 18 மாவுக்கும் அதையே போட்டுவிட வேண்டியதுதானே? போட முடியாது.

மூச்சடக்குவது திடீர் வெள்ளத்துக்கு நல்லது. தண்ணீர் ஏறி, ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிட வேண்டும். ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலில் இடுப்பளவு தண்ணீர் ஒரு மாதம் அப்படியே நின்றால் சப்-1 கைகொடுக்காது. கலங்கல் தண்ணீராக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, பிழைக்கும் நாளும் குறையும். அப்புறம், இந்தக் குணம் நட்ட பயிர் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விடும், காலத்துக்கானது. பூக்கும் நேரத்தில் மூழ்கினால் கதிர் பதராகும். புழுதியில் நேரடியாக விதைத்து, முளைவிடும் முன்னே மழை கொட்டித் தண்ணீர் தேங்கினாலும் சப்-1 காப்பாற்றாது. மூழ்கிய மண்ணுக்குள் முளைப்பது வேறு குணம், அதற்கு வேறு மரபணு. எங்கள் பக்கம் ஆள் கிடைக்காமல் பாதி நிலம் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டது. ‘சப் ஒன் போட்டேன், முளைக்கவே இல்லையே’ என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த விஷயம் தெரியாதவர்கள்.

இன்னொரு தொல்லை நான் பட்டது. சாதாரண சி.ஆர்.1009 நெல்லையும் சப்-1 நெல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்காது, ஒரே ஆள் மாதிரி இருக்கும். கண்ணால் பிரிக்கவே முடியாது. ஒரு வருஷம் கடையில் ‘சப் ஒன்தான் சார்’ என்று கொடுத்ததை வாங்கி நட்டோம். கார்த்திகையில் எட்டு நாள் மூழ்கியது. வடிந்தபோது பாதி வயல் சொட்டை. கலப்பு விதை என்பது வெள்ளம் வந்துதான் தெரிந்தது. அதிலிருந்து மூட்டையில் நீல அட்டை தைத்த சான்று விதை மட்டும்தான். ஒருமுறை நல்ல விதை வாங்கிவிட்டால் அடுத்த ஓரிரு வருஷம் நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். நெல் தன் மகரந்தத்தில் தானே சூல் கொள்வது, சப்-1 குணம் காணாமல் போகாது. களத்தில் வேறு நெல் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.

இப்போது வயதுக் கணக்குக்கு வருகிறேன். இதுதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. எந்த ரகமாக இருந்தாலும் கடைசி 65 நாள் ஏறக்குறைய ஒன்றுதான்: தண்டுக்குள் கதிர் உருவாகிப் பூக்க 35, பூத்து முற்ற 30. வயது கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய, தூர் கட்டும் காலத்தில்தான். 155 நாள் ரகத்துக்கு 90 நாள் கிடைக்கிறது. 130 நாள் ரகத்துக்கு 65 நாள். நாற்றங்காலையும் நட்டுப் பச்சை பிடிக்கும் நாளையும் கழித்தால் அடி வாங்கினாலும் எழுந்திருக்க நீண்ட வயதுப் பயிருக்குத்தான் நேரம் உண்டு.

ஆவணி முதல் பாதியில், ஆகஸ்ட் 25 வாக்கில் சி.ஆர்.1009 சப்-1 விதைவிட்டால் நவம்பர் 23 வரை தூர் கட்டும் காலம். ஐப்பசி அடைமழை முழுவதும் அதற்குள் வந்துவிடும். அறுவடை ஜனவரி 27. மேட்டூரை வழக்கமாக மூடுவது ஜனவரி 28, ஆகவே தண்ணீருக்கும் பஞ்சமில்லை. அதையே செப்டம்பர் 10-க்குத் தள்ளினால் அறுவடை பிப்ரவரி 12. ஆற்றில் தண்ணீரை நிறுத்திய பிறகு, தைக் கடைசி வெயிலில் கதிர் முற்ற வேண்டும். கடைமடைக்கு அது சூதாட்டம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் நம் நாள் நம் கையில். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த மாதிரி வருஷத்தில் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது ஆவணி பாதி போயிருக்கும். ஆக சப்-1 போடலாமா என்பதை முதலில் மேட்டூர் சொல்கிறது, அப்புறம்தான் நாம்.

டி.கே.எம்.13 இங்கேதான் வருகிறது. பி.பி.டி.5204, அதாவது நம் ஆட்கள் ‘ஆந்திரா பொன்னி’ என்று சொல்கிற சன்ன ரகத்துக்கு மாற்றாக வந்தது, வயது 130 நாள். செப்டம்பர் 10-இல் விதைத்தால் ஜனவரி 18-இல் அறுக்கலாம். தண்ணீர் தாமதமான வருஷத்துக்கு இதுதான் தோது. ஆனால் மூழ்கினால் அவ்வளவுதான். நாலைந்து நாளுக்கு மேல் தலை தெரியாமல் கிடந்தால் மறு நாற்று தேட வேண்டும், கார்த்திகையில் நாற்றுக்கு எங்கே போவது? மேட்டு வயலுக்கு மட்டும்தான் இது.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2025–26 பருவத்துக்கு அரசு கொள்முதலில், தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டாலும் வித்தியாசம் 1,080 ரூபாய். அறுப்பு வண்டிக்கு ஒரு மணி நேரக் கூலிக்கே அது சரியாகப் போகும். வியாபாரி வீட்டுக்கு வந்து சன்னத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிற வருஷங்கள் உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

தை மழைக்கு என்ன வழி? 2021-இல் பொங்கலை ஒட்டி மழை கொட்டியது. அறுக்க நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. 2023-இல் பொங்கலில் நன்றாகக் காய்ந்த வெயில், பிப்ரவரி முதல் வாரத்தில் மழை. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 20 வரை தளர்த்திக் கொள்முதல் செய்தார்கள். முன்னாடி அறுத்தவன் ஒரு வருஷம் மாட்டினான், பின்னாடி அறுத்தவன் இன்னொரு வருஷம். இதற்கு மரபணு தேடிப் பயனில்லை என்றே நினைக்கிறேன். சாயாத தண்டும், அறுத்தவுடன் முளைக்காத விதை உறக்கமும் உள்ள ரகமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஈர வயலில் டயர் வைத்த அறுப்பு வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்காகக் காத்திருக்கும் மூன்று நாளில்தான் நெல் முளைக்கிறது. பெல்ட் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது சில நேரம் நல்ல ரகத்தைவிடப் பயன்.

நாட்டு நெல் விஷயத்தில் எனக்கும் எங்கள் சித்தப்பாவுக்கும் முடிவே இல்லாத வழக்கு. ‘தம்பி, உன் சப் ஒன்னுக்கு முன்னாடியே மடுமுழுங்கி இருந்துச்சுடா. பேரே என்ன, மடுவையே முழுங்கிடும்’ என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. மடுமுழுங்கி, காட்டுயானம் போன்றவை ஆள் உயரத்துக்கு மேல் போகும் நெல். தண்ணீர் மெதுவாக ஏறி நாள் கணக்கில் நின்றால் அதோடு சேர்ந்து உயர்ந்து தலையை வெளியே வைத்துக்கொள்ளும். மூச்சடக்குகிற சப்-1 தோற்கும் இடத்தில் எக்குகிற இந்த நெல் ஜெயிக்கும். வடிகால் மாதக்கணக்கில் அடைத்துக் கிடக்கும் வயலுக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

உப்புக்கும் அப்படித்தான். நாகப்பட்டினக் கடலோரத்தில் குழியடிச்சான் உவர் மண்ணில் நின்று காட்டிய நெல். விஞ்ஞானிகள் உப்பைத் தாங்கும் குணத்தைத் தேடிப் போனபோதும் கேரளக் காயலோரத்துப் பொக்காளி நெல்லிடம்தான் போய் நின்றார்கள். சால்டால் என்கிற மரபணுப் பகுதி அதிலிருந்து வந்ததுதான். இங்கே ஒரு எச்சரிக்கை: திருச்சி 1, திருச்சி 3 ரகங்களை ‘உப்பு தாங்கும்’ என்று சொல்லிக் கடலோரத்துக்கும் விற்கிறார்கள். அவை களர் நிலத்தை, அதாவது சோடியம் ஏறி இறுகிய மண்ணை, மனத்தில் வைத்து உருவானவை. களர் வேறு, உவர் வேறு. கடல் தண்ணீர் ஏறிய மண் உவர். மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் இதில் பணம் போடாதீர்கள்.

சித்தப்பாவோடு நான் ஒத்துப்போகாதது விளைச்சலில். எங்கள் வயலில் மாப்பிள்ளைச் சம்பா ஏக்கருக்கு 15, 18 மூட்டையைத் தாண்டியதில்லை, சி.ஆர். வெள்ளத்தில் அழியாத வருஷங்களில் 35-க்குக் குறைந்ததில்லை. தண்டு உயரம், தை மழையில் மொத்தமாகப் படுத்துவிடும். அரிசியாக்கி நேரடியாக விற்கத் தெரிந்தவருக்கு இரண்டு மடங்கு விலை கிடைக்கும், கணக்கு சரியாகிவிடும். நெல்லாகக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் மாப்பிள்ளைச் சம்பாவும் சாதாரண ரகம்தான். எனக்கு விற்கத் தெரியாது. கூச்சம் வேறு.

ஆனாலும் அந்த விதைகள் யாரிடமாவது வயலில் இருக்க வேண்டும். நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் 4 கிலோவாகத் திரும்ப வாங்கினார்கள். அப்படிச் சேர்த்ததுதான் 170-க்கும் மேற்பட்ட ரகங்கள். அவர் 2018 டிசம்பரில் போய்விட்டார். கஜா புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒடிசா விவசாயி எஃப்.ஆர்.13ஏ-வின் மூதாதையை ‘விளைச்சல் குறைவு’ என்று தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு என் பள்ளத்துக்குச் சப்-1 ஏது?

நாலாவது, காத்திருப்பது. 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. சம்பா மசூரி, அதாவது அதே பி.பி.டி.5204-இல் ஒரு மரபணுவைத் திருத்தி உருவாக்கியது டி.ஆர்.ஆர். தான் 100, ‘கமலா’ என்று பெயர். எம்.டி.யு.1010 என்ற ஆந்திர ரகத்திலிருந்து வந்தது பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. கமலா 20 நாள் முன்னதாக முற்றும், 19 சதவீதம் கூடுதலாக விளையும் என்றார்கள். மற்றது உவரையும் வறட்சியையும் தாங்கும் என்றார்கள். தமிழ்நாடும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறது. வெளி மரபணு எதுவும் இதில் சேர்க்கவில்லை, உள்ளே இருப்பதைத்தான் திருத்தியிருக்கிறார்கள். அதனால் 2022-லேயே இந்த வகைக்குப் பாதுகாப்பு விதிகளில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். விளைச்சல் கணக்கு சோதனைத் தரவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று விமர்சனம் எழுந்திருக்கிறது, திருத்தும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கு இதில் வெறுப்பு இல்லை. 130 நாளில் பி.பி.டி. அரிசி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் என் பள்ளத்து வெள்ளத்துக்கு இதில் ஒன்றும் இல்லை. மேட்டுக்கு டி.கே.எம். இருக்கும்போது அவசரமும் இல்லை. பக்கத்தில் நாலு பேர் வயலில் ஒரு மழையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். கட்டுகிறோம். ஆனால் 2025 வரை மூழ்கிய நெல்லுக்கு இழப்பைக் கணக்கிட்டது வருவாய்க் கிராம அளவில்தான். ஊர் தப்பி என் 6 மா மட்டும் மூழ்கியிருந்தால் அந்தக் கணக்கில் நான் இல்லை.

ஆக இந்த வருஷம் பள்ளத்து 6 மாவுக்கும் சி.ஆர்.1009 சப்-1, நேரடி விதைப்பு இல்லை, நாற்று விட்டு நடவு. மேட்டில் 10 மா டி.கே.எம்.13. மிச்சம் 2 மா சித்தப்பாவுக்கு, காட்டுயானம் போடுவாராம். விதைப்பதற்கு முன்னால் பள்ளத்தை ஒட்டிய நாலு வீட்டுக்காரர்களும் பணம் போட்டு எங்கள் பங்கு வடிகாலில் ஆகாயத்தாமரையை அள்ளிவிட்டோம். மூச்சடக்கக் கொடுத்த பத்து நாளுக்குள் தண்ணீர் இறங்க வேண்டுமே.

சப்-1 விதை நேற்று இரவு சாக்கோடு தொட்டியில் ஊறப் போட்டாயிற்று. நீல அட்டையைக் கத்தரித்து வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். டி.கே.எம். மூட்டை இன்னும் பிரிக்கவில்லை, அதற்கு ஆவணி 25 வரை நாள் இருக்கிறது.